பேய்ப்பட விழாவும் நாற்பது மண்டகப்படிக்காரர்களும்

கேள்வி: மதுரை திருநகரில் எட்டு ஆண்டுகளாக மாதம் ஒரு சனிக்கிழமை மொட்டை மாடியில் திரை கட்டி, மழைக்காலத்தில் தார்ப்பாயும் கட்டிக்கொண்டு, பேய்ப்படம் பார்க்கும் நாற்பது பேர் நாங்கள். அடுத்த ஆண்டு ஒரு திரையரங்கை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் திகில் பட விழா நடத்த ஆசைப்படுகிறோம். பழைய உறுப்பினர்கள் படம் ஓடும்போதே வசனத்தைச் சேர்ந்து சொல்வார்கள். பேய் வருவதற்கு முன்பே கைதட்டுவார்கள். புதிதாக வந்த பெண்கள் இருவர் இதனாலேயே நின்றுவிட்டார்கள். இவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது? படங்களை இணையத்திலிருந்து இறக்கித் திரையிடலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

கட்டுப்படுத்துவது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். தார்ப்பாய்க்கு அடியில் எட்டு ஆண்டுகள் உட்கார்ந்த அந்த நாற்பது பேர் இல்லாவிட்டால் உங்களுக்கு விழாவே இல்லை. இதுவரை அவர்கள் கையில் ஒரு பொறுப்பும் கொடுக்கப்படவில்லை என்பதுதான் குறை. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வரும் வழியெல்லாம் மண்டகப்படிகளில், அதாவது அன்பர்கள் பொறுப்பேற்று அவரை வரவேற்கும் பந்தல்களில், தங்கி வருவதை நீங்கள் சிறு வயது முதல் பார்த்திருப்பீர்கள். மண்டகப்படி உள்ளவர் அன்றைக்குக் கூட்டத்தோடு நின்று ஆரவாரம் செய்வதில்லை. பந்தல் சரியாக நிற்கிறதா, பானகம் எல்லோருக்கும் எட்டுமா என்ற கவலையே அவருக்குப் பெரிதாக இருக்கும். உங்கள் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு மண்டகப்படி கொடுங்கள். வசனத்தை மனப்பாடமாகச் சொல்பவரையே அந்தப் படத்துக்கு ஐந்து நிமிட அறிமுகம் பேச வையுங்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே பயன்படட்டும்.

சத்தமே தவறு என்று நான் சொல்லவில்லை. 1983 முதல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடக்கும் கற்பனைத் திகில் பட விழாவில் பாத்திரம் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் அரங்கமே 'கதவு!' என்று கத்தும். திரையில் நிலா தெரிந்தால் ஊளையிடும். ஆனால் அங்கே டிக்கெட் எடுப்பவர் அதை அறிந்தே எடுக்கிறார். நான் ஒரு திரைப்படச் சங்கத்தில் இருந்த நாட்களில், திகில் படக் காட்சி ஒன்றில் எனக்கு முன் வரிசையில் ஒரு கல்லூரி மாணவி துப்பட்டாவின் முனையைப் பல்லில் கடித்தபடி, ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, இருட்டு நடைவழியைப் பார்த்திருந்தாள். 'இப்ப வருது பாரு' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அரங்கம் சிரித்தது. அவள் துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் படம் அவளை ஒன்றும் செய்யவில்லை. பயப்படுவதற்காகவே வந்தவளிடமிருந்து அந்தப் பயத்தை ஒருவர் பிடுங்கிக்கொண்டார் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. உங்களிடமிருந்து நின்றுபோன அந்த இரண்டு பெண்களுக்கும் நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அவர்களை நேரில் சந்தித்து அழையுங்கள். எந்தப் படங்கள் வேண்டும் என்றும் கேளுங்கள்.

ஆகவே நாளுக்கு ஒரு காட்சியை ஆரவாரக் காட்சி என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டு விடுங்கள். 'காஞ்சனா' (2011) போன்ற படம் அதற்குப் பொருந்தும். அங்கே விசில் அடிப்பதும் படத்தின் பகுதிதான். தொலைக்காட்சித் தொடரில் நடப்பதெல்லாம் தன் வீட்டிலும் நடப்பதை ஒருவன் மெல்ல மெல்ல உணரும் 'யாவரும் நலம்' (2009) படத்துக்கோ முழு அமைதி வேண்டும். தொடக்கப் படத்துக்கு நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. மதுரைக்காரரான கார்த்திக் சுப்பராஜின் முதல் படம் 'பீட்சா' (2012) இருக்கிறது.

இணையத்திலிருந்து இறக்கிப் போடுவது கூடவே கூடாது. வீட்டில் பார்க்க விலைக்கு வாங்கிய வட்டும் பொதுத் திரையிடலுக்கு உரிமை தராது. தயாரிப்பாளரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்து வடிவில் அனுமதி பெறுங்கள். படம் திரையரங்குகளுக்கான டிஜிட்டல் கோப்பாக (டிசிபி) பூட்டி வந்தால், அதைத் திறக்கும் கேடிஎம் என்னும் மின்சாவி அரங்கின் குறிப்பிட்ட சர்வருக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே செல்லும் என்பதால், காட்சிக்கு முந்தைய நாளிலிருந்தே செல்லுபடியாகுமாறு கேட்டு வாங்கி, அந்த முந்தைய இரவே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தணிக்கைச் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படங்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விழாவுக்கான விலக்கு கோர வேண்டும்; அதற்குப் போதிய காலம் ஒதுக்குங்கள். 'ஏ' சான்றிதழ் படத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவரை, உறுப்பினரின் தம்பியாகவே இருந்தாலும், அனுமதிக்கக் கூடாது.

உரிமை பற்றிப் பேசும்போது 1922இல் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்னும் மௌனப் பேய்ப்படம் நினைவுக்கு வருகிறது. 'டிராகுலா' நாவலின் உரிமையைப் பெறாமல் எடுத்ததால், நாவலாசிரியரின் மனைவி தொடுத்த வழக்கில் அதன் பிரதிகளை அழிக்கும்படி ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தப்பிய சில பிரதிகளால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம். நம் நாட்டில் திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் என்பதால் அந்தப் படத்துக்கு அது முடிந்துவிட்டது. ஆனால் பிற்காலத்தில் சேர்த்த இசைக்கு உரிமையாளர் இருக்கலாம். அந்த இசையை விட்டுவிட்டு, நம் பக்கத்து உடுக்கைக் கலைஞர் ஒருவரைத் திரைக்கு அருகில் உட்கார வைத்து, மௌனப் படத்துக்கு நேரடியாக வாசிக்கச் சொல்லுங்கள். கோடாங்கியின் உடுக்கைச் சத்தத்தை நள்ளிரவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தில் பேய் ஏறிவந்த கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் காட்சி எப்படி இருக்கும் என்று எண்ணும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. அவருக்கு முன்கூட்டியே படத்தை இரண்டு முறையாவது போட்டுக் காட்டி, உரிய ஊதியத்தையும் கொடுத்துவிடுங்கள்.

சித்திரை மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்; வெளியூரிலிருந்து வரும் ரசிகருக்கு அப்போது தங்க அறை கிடைக்காது. நள்ளிரவுக் காட்சி வைக்கும் ஆசை உங்கள் குழுவில் எழும். திரையரங்கின் உரிம நிபந்தனையில் காட்சி நேரமும் அடங்கும் என்பதால், அரங்கின் மேலாளரிடம் அதைக் கேட்டுத் தெளிந்த பிறகே அறிவியுங்கள். கடைசிக் காட்சி முடிந்ததும் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களுக்குப் போக வேண்டியவர்களுக்கு, முக்கியமாகத் தனியாக வந்த பெண்களுக்கு, வண்டி ஏற்பாடு செய்து அனுப்பிவிட்டு வருவதையும் ஒரு மண்டகப்படியாக இருவரிடம் ஒப்படையுங்கள்.