டீச்சர் பதில்கள்: காசு வருகிறது, ஆள் வருவதில்லை

கேள்வி: டீச்சர், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக் கமிட்டியில் இந்த வருசம் என்னைப் பொருளாளராகப் போட்டிருக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் முன்னைவிடக் கூடவே காசு அனுப்புகிறார்கள். ஆனால் பந்தல் போட, சமைக்க, தேரைப் பிடிக்க ஆள் இல்லை. பேசாமல் எல்லாவற்றையும் கொந்தராத்துக்கு (ஒப்பந்தத்துக்கு) விட்டுவிடலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: விடாதீர்கள் தம்பி. ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், லைட் அலங்காரம் இவற்றை வாடகைக்கு எடுங்கள், குறையில்லை. பந்தல், சமையல், தேர் மூன்றும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற நம் ஆட்களின் கையிலேயே இருக்கட்டும்.

தேரை முதலில் சொல்கிறேன். நம் தோட்டப் பாதைகளில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் பொல்லாதது. அங்கே முன்வடத்தைவிடப் பின்வடத்தைப் பிடிக்கத்தான் பலம் வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவருக்கு பாதையின் ஒவ்வொரு முடக்கும் (வளைவும்) மனப்பாடமாக இருக்க வேண்டும். நான் படிப்பித்த தோட்டத்தில் கட்டை போட்டவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்த ஒரு பெரியவர். ஸ்டோருக்குக் கீழே உள்ள முடக்கில் தேர் வலப்பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியும். மழை பெய்திருந்தால் முதல் நாள் மாலையே போய் அந்த இடத்தில் கல் பரப்பிவிட்டு வருவார். யாரும் அவரிடம் சொன்னதில்லை. கண் மங்கத் தொடங்கியபோது இரண்டு பையன்களைத் தன் பக்கத்தில் நடக்கவிட்டுப் பழக்கினார். கொந்தராத்துக்காரர் எவ்வளவு நல்லவராகவும் இருக்கட்டும், அந்த முடக்கு அவருக்குத் தெரியுமா?

அடுத்தது காசு. முன்பெல்லாம் திருவிழாச் சந்தா செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், பிடிபடும். பேர் பதிந்தவர் எல்லாருக்கும் ஒரே தொகை. அதனால் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்க எவருக்கும் தயக்கம் இருந்ததில்லை. இப்போது லயத்தில் குடியிருப்பவர்களில் நிறையப் பேர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. செக்ரோல் அவர்களை எட்டாது. பெரிய தொகை அனுப்பிய வீட்டின் பேர் நோட்டீசில் கொட்டை எழுத்தில் வருகிறது. விறகு சுமந்த வீட்டின் பேர் எங்கேயும் இல்லை. இது எனக்கு வலிக்கிறது தம்பி. நீங்கள் பொருளாளர், இதை மாற்ற உங்களால் முடியும். கணக்குக் கொப்பியில் காசுக்கு ஒரு பக்கம், வேலைக்கு ஒரு பக்கம் போடுங்கள். தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்து மலையிலிருந்து விறகுக்கு மிளாறு கட்டி வந்தது யார், தண்ணீர்ப் பீலியைச் சுத்தம் செய்தது யார், அண்டா எந்த வீட்டுடையது, விடிய விடிய உட்கார்ந்து தேங்காய் துருவியது யார், எல்லாவற்றையும் எழுதுங்கள். திருவிழா முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் கோயில் சுவரில் ஒட்டுங்கள்.

ஆள் வராததைச் சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய்க்கும் 2024இல் 1,350 ரூபாய்க்கும் வந்தது எத்தனை இழுபறிக்குப் பிறகு! ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, விட்டால் அந்தச் சம்பளம் போச்சு. நேரத்தோடு மலையை விட்டு இறங்கினால் கொழுந்து எடை காணாமல் அரைப்பேர்தான் விழும். ஆகவே வேலைகளை ஞாயிற்றுக்கிழமைக்கும் பௌர்ணமிப் போயா லீவுக்கும் ஒதுக்குங்கள். சித்திரைப் புத்தாண்டு லீவை ஒட்டித் திருவிழாவை வைத்தால் கொழும்புப் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள், உங்கள் பக்கத்து வைகாசி மழைக்கும் முந்திவிடலாம். காசு அனுப்புகிற பிள்ளைக்குப் போன் எடுத்து, “ரெண்டு நாள் முந்தி வந்துரு, பந்தக்கால் நட நீ வேணும்” என்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். “எல்லாரும் வாங்க” என்று பொதுவாகச் சொன்னால் யாரையும் கூப்பிட்டதாக ஆகாது.

கேள்வி: மரக்கறி வெட்டுவது, மாவிளக்கு, முளைப்பாரி, கோயில் கழுவுவது எல்லாம் நாங்கள். கமிட்டியில் ஒரு பொம்பளை கூட இல்லை. கேட்டால் “கூட்டத்துக்கு வந்தால்தானே” என்கிறார்கள். என்ன செய்யலாம் டீச்சர்?
– வாசகி, லிந்துலை

பதில்: கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கிறார்கள் மகள்? இரவு ஏழு மணிக்குத்தானே? மலையிலிருந்து வந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அடுப்பை மூட்டி நிற்கிற நேரம் அது. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு வைக்கச் சொல்லுங்கள். தனியாகப் போகாமல் லயத்துக்கு ஒருவராகச் சேர்ந்து போங்கள். சும்மா ‘உறுப்பினர்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்னதானப் பொறுப்பையும் அதற்கான காசையும் கேளுங்கள். எத்தனை கிலோ அரிசி போட்டால் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று தெரிந்தவர்கள் நீங்கள். சாமான் வாங்குகிற காசு மட்டும் ஏன் வேறு கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: இளைஞர்கள் தப்பு மேளம் வேண்டாம், பேண்ட் செட் பிடிப்போம் என்கிறார்கள். தப்படிக்கிற பெரியவர்களும் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். தப்பை விட்டுவிடுவதா?
– வாசகர், பசறை

பதில்: பேண்ட் செட் வந்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. தப்பு போகக் கூடாது. அந்தக் காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கக் கூடுகிற இடத்துக்கு, ஆள் எழுப்பியது தப்பு. சாவு வீட்டில் முதலில் கேட்பதும் அதுதான். மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றினால் மதன் எரிப்பு வரைக்கும் தப்பு இல்லாமல் கூத்து நகராது. ரதி மதன் ஆட்டத்துக்கு ஒரு அடி, வீரபத்திரன் வந்தால் வேறு அடி. கேசட்டில் போட்டு ஆட முடியாத கூத்து அது.

ஆனால் ஒன்றைப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. தப்படித்தவர்களைச் சாதி சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். பந்தி முடிந்த பிறகு சோறு போட்டோம். அவர்களுடைய பிள்ளைகள் அந்தத் தப்பைத் தொட மறுத்தால் அதில் என்ன தவறு? முதலில் அந்தப் பெரியவர்களைக் கோயிலுக்குள் அழைத்து மாலை போடுங்கள். பேண்ட் செட்டுக்குக் கொடுக்கிற காசைக் குறையாமல் கொடுங்கள். முதல் பந்தியில் உட்கார வையுங்கள். பிறகு எல்லா லயத்துப் பிள்ளைகளையும், தோட்டத் தலைவர் வீட்டுப் பிள்ளை உட்பட, அவர்களிடம் பழக அனுப்புங்கள். ஒரு சாதியின் வேலை என்று இருக்கும்வரை தப்பு தங்காது.

கேள்வி: தேர் வரும்போது மின்கம்பியை மூங்கில் கவையால் தூக்கிப் பிடிக்கிறோம். பயமாக இருக்கிறது.
– வாசகர், அப்புத்தளை

பதில்: பயம் நியாயமானது. நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும். அப்புத்தளையில் மூடுபனி இல்லாத இரவு எது? முன்கூட்டியே மின்சார சபைக்குக் கடிதம் கொடுத்து, தேர் போகிற பாதையையும் நேரத்தையும் எழுதி, அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தக் கேளுங்கள். தேரின் உச்சிக் கலசத்தை மடக்கும்படி செய்ய ஆசாரியிடம் சொல்லுங்கள். ஒலிபெருக்கி அனுமதிக்குப் பொலிசுக்குப் போகிற அன்றே இதையும் முடித்துவிடலாம். மின்சாரம் நிற்கவில்லை என்றால் தேர் அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கமே நிற்கட்டும். அம்மனைத் தோளில் சுமந்து கொண்டுபோய் அடுத்த லயத்தில் பூசை கொடுங்கள்.