புது ரோல் ஃபிலிம் வெயிலில் தொய்ந்துபோவது

மாடல் விமானத்தின் இறக்கையில் ஒட்டிய புது ஃபிலிம் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் மேலுறைப் படலம்) வெயிலில் தொய்கிறது, உரித்தால் நிறம் பால்சா என்ற லேசான மரத்திலேயே தங்கிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கைவேலைதான் காரணம் என்று நினைக்காதீர்கள். போன ரோலில் எனக்கும் இதேதான்: அதே பெயர், அதே நிறம், பழைய இறுக்கம் மட்டும் இல்லை. நிறம் பசையோடு கலந்திருக்கும் வகைகளில், உரித்தால் படலம் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்துவிடும்.

சரி, முதலில் ஒரு துண்டை வெட்டி உதிரி பால்சா சட்டத்தில் ஒட்டிப் பாருங்கள். பாலியெஸ்டர் ஃபிலிமில் பெரும்பாலும் பசை 100 டிகிரி செல்சியஸ் பக்கம் பிடிக்கும். நன்றாகச் சுருங்க 150 பக்கம் வேண்டும். அயர்ன் டயலை நம்பாமல் வெப்பமானியால் அளந்துகொள்ளுங்கள். ஓரங்களை அழுத்தி ஒட்டிய பிறகே நடுவில் சூடு காட்டுங்கள். ஓரம் நழுவினால் தொய்வு திரும்பவும் வரும். அப்படியும் அந்தத் துண்டு இறுகவில்லையா, ரோலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.