ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது வாயைத் திறக்கிறது எப்படி? – கேள்வி பதில்

வணக்கம். போன வாரம் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்துடுச்சு, ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன். நான் அரும்பாக்கத்துல இருக்கேன், எழும்பூர் கோர்ட்ல 21 வருஷமா வக்கீல். மேடையில பேசினது, போஸ்டர் ஒட்டினது, ஃபேஸ்புக்ல போட்டதுன்னு பேச்சால மாட்டிக்கிட்டவங்க கேஸ்தான் என்கிட்ட அதிகம். நீங்க எந்தக் கட்சின்னு எனக்குத் தேவையில்லை.

கேள்வி (ஆவடி): அக்கா, எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல 40 பேர், தாத்தா காலத்துல இருந்து எல்லாரும் ஒரே கட்சி. பெரியப்பா போன வாரம் போட்ட ஃபார்வர்ட் பொய்னு எனக்குத் தெரியும். சொல்லப்போறேன்னா அம்மா "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, உனக்கு எதுக்குடி வம்பு"ங்கறாங்க.

பதில்: குரூப்ல போடாதம்மா, நேர்ல போ. 40 பேர் பார்க்க வீட்டுப் பொண்ணு தப்புன்னு சொல்லிட்டா பெரியப்பாவுக்கு அது மானப் பிரச்சனை ஆயிடும், அப்புறம் அந்தச் செய்தி நிஜமா பொய்யான்னு யாரும் பார்க்க மாட்டாங்க, உனக்கு வாய் ஜாஸ்திங்கறதுதான் பேச்சா ஓடும். ஒரு சாயங்காலம் போய் பக்கத்துல உட்கார்ந்து, "பெரியப்பா, நான் தேடிப் பார்த்தேன், இப்படி வருது"ன்னு ஃபோனை அவர் கையிலயே குடு, அவரே படிக்கட்டும். நீ எந்தக் கட்சிக்கு ஓட்டு போடுவேங்கறதை அன்னைக்கே சேர்த்து சொல்லாத, அது வேற பேச்சு, வேற நாள்ல வச்சுக்கோ. ஆனா ஒரு சாதியையோ மதத்தையோ கேவலமா பேசற ஃபார்வர்ட் வந்துச்சுன்னா மட்டும் குரூப்லயே "இது வேண்டாம் பெரியப்பா"ன்னு ஒரு வரி போட்டுடு. அதுல காலேஜ் படிக்கிற தம்பி தங்கச்சிங்க இருப்பாங்கல்ல, யாருமே ஒண்ணும் சொல்லலைன்னா இதுதான் நம்ம வீட்டு கருத்துன்னு எடுத்துப்பாங்க.

கேள்வி (தாம்பரம்): அரசாங்கத்தைத் திட்டி எழுதினா போலீஸ் பிடிச்சிடுமா? 66ஏ-ன்னு ஒரு சட்டம் இருக்காமே?

பதில்: அது ஐ.டி. சட்டத்துல, ஆன்லைன்ல புண்படுத்தற மாதிரி எழுதினா ஜெயில்னு சொன்ன பிரிவு. 66ஏ இப்ப இல்ல. 2015 மார்ச் 24 அன்னைக்கே ஷ்ரேயா சிங்கால் வழக்குல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. ஒரு திட்டம் தப்பு, ஒரு மந்திரி சொன்னது தப்புன்னு எழுதறது குற்றமே இல்ல, நம்ம அரசியலமைப்போட 19(1)(அ) குடுக்கிற உரிமை அது. ஆனா ரெண்டு பிரிவு மக்களுக்கு நடுவுல பகையை மூட்டினா பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்கு பதிலா வந்த குற்றச் சட்டம்) 196, பீதி கிளப்பற வதந்தியை பரப்பினா 353, இது ரெண்டும் இருக்கு, ரெண்டுலயும் 3 வருஷம் வரைக்கும் ஜெயில் போகலாம். என்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேர் சொந்தமா எழுதி மாட்டினவங்க இல்ல, யாரோ அனுப்பினதை ஷேர் பண்ணி மாட்டினவங்க.

ஸ்டேஷன்ல இருந்து ஃபோன் வந்தா பதறாதீங்க. எழுத்துல நோட்டீஸ் கேளுங்க, பி.என்.எஸ்.எஸ். (போலீஸ், கோர்ட் நடைமுறைச் சட்டம்) 35(3)-படி. 7 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கிற கேஸ்ல எடுத்த எடுப்புல அரெஸ்ட் பண்ணக்கூடாதுன்னு 2014-லயே சுப்ரீம் கோர்ட்டோட அர்னேஷ் குமார் தீர்ப்பு இருக்கு. நோட்டீஸ்ல சொன்ன தேதிக்கு வக்கீலோட ஆஜராகுங்க, போகாம இருந்துடாதீங்க, போகலைன்னா அதையே காரணமா காட்டி அரெஸ்ட் பண்ண முடியும். போஸ்ட்டை அவசரமா அழிக்கவும் வேண்டாம், முதல்ல தேதியோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, நீங்க எழுதினது என்னன்னு நாளைக்கு காட்ட உங்களுக்கே அது வேணும். 2025 மார்ச்ல இம்ரான் பிரதாப்கர்ஹி வழக்குல, இந்த மாதிரி பேச்சு கேஸ்ல எஃப்.ஐ.ஆர். போடறதுக்கு முன்னாடி முதல்கட்ட விசாரணை பண்றதுதான் முறைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, உங்க வக்கீல்கிட்ட இதை ஞாபகப்படுத்துங்க.

ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லிடறேன். சட்டம் உங்க பக்கம் இருந்தாலும் நேரம் ஆகும். 2005-ல ஒரு பத்திரிகையில சொன்ன கருத்துக்காக குஷ்பு மேல வரிசையா கேஸ் போட்டாங்க, 23 கேஸையும் சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணினது 2010-ல. அவங்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்துச்சு. நமக்கு அப்படி இல்லன்னா, எழுதறதுக்கு முன்னாடியே ஒரு வக்கீல் நம்பர் கையில இருக்கட்டும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல தகுதி இருக்கிறவங்களுக்கு இலவசமாவே வக்கீல் குடுப்பாங்க, பெண்களுக்கு வருமான வரம்பு கூட கிடையாது.

கேள்வி (சோழிங்கநல்லூர்): என் போஸ்ட்டைப் பார்த்துட்டு ஹெச்.ஆர். கூப்பிட்டாங்க. பேச்சுரிமைன்னு சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஆனா அது அங்க பெருசா நிக்காது. 19-வது பிரிவு அரசாங்கத்துக்கு எதிராதான் உங்களுக்குக் கவசம், தனியார் கம்பெனியில உங்க ஆஃபர் லெட்டரும் அவங்க பாலிசியும்தான் பேசும், முதல்ல அதை எடுத்து படிங்க. வாயால மன்னிப்பு கேட்டுட்டு வராதீங்க, எதுவா இருந்தாலும் மெயில்ல அனுப்பச் சொல்லுங்க, மெயில்லயே பதில் குடுங்க. இனிமே ப்ரொஃபைல்ல கம்பெனி பேர் வேண்டாம், ஆபீஸ் லேப்டாப்ல இருந்து ஒரு வரி கூட வேண்டாம்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியர்): நான் என்ன பேசலாம்?

பதில்: டீச்சர், உங்களுக்கு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 இருக்கு. கட்சியில சேரக்கூடாது, ஓட்டு கேட்கக்கூடாது. ஓட்டு போடலாம், ஆனா யாருக்குன்னு காட்டிக்கக்கூடாது. உங்க வேலை, உங்க பள்ளிக்கூடப் பிரச்சனைன்னா சங்கம் வழியா பேசுங்க, அந்த வழி திறந்துதான் இருக்கு.

கேள்வி (புளியந்தோப்பு): எங்க தெருவுல ஒரு கட்சி ஆளு, "யாரு யாருக்கு போட்டீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும்"னு சொல்லிட்டுப் போறாரு. நிஜமா தெரியுமா?

பதில்: தெரியாதும்மா. உங்க பூத்ல எந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை விழுந்துச்சுன்னுதான் தெரியும், ஏன்னா எண்ணிக்கை பூத் வாரியா வெளியில வரும், அதை வச்சுதான் அந்த ஆளு பயமுறுத்தறாரு. உங்க ஓட்டு எதுன்னு எந்தப் பேப்பர்லயும் கிடையாது. ஓட்டு மிஷின் பக்கத்துல அச்சாகிற விவிபேட் சீட்டு கூட 7 செகண்ட் கண்ணாடிக்குள்ள தெரியும், அதுல உங்க பேர் இருக்காது, அப்புறம் அறுந்து பெட்டிக்குள்ள விழுந்துடும். யாருக்கு போட்டேன்னு கோர்ட்லயே உங்களை கட்டாயப்படுத்தி கேட்க முடியாது, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. பேச முடியாத இடத்துல இருக்கிறவங்களுக்கு அந்த அட்டை மறைப்புக்குப் பின்னாடி கிடைக்கிற அரை நிமிஷமும் பேச்சுதான், தயவுசெஞ்சு அதை 500 ரூபாய்க்கு விட்டுடாதீங்க.

கேள்வி (ஊர் போடவில்லை): எங்க சாதி சங்கத்துல அப்பா பொறுப்புல இருக்காரு. வேற சாதியில கல்யாணம் பண்ணினவங்களை ஒதுக்கணும்னு தீர்மானம் வருது. நான் எதிர்த்துப் பேசலாமா?

பதில்: தம்பி, இந்தக் கேள்வியைப் படிச்சுட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அந்தத் தீர்மானம் தப்பு, சட்டவிரோதமும் கூட, 2018-ல சக்தி வாஹினி தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, வயசுக்கு வந்த ரெண்டு பேர் கல்யாணத்துல எந்தப் பஞ்சாயத்தும் தலையிட முடியாது. ஆனா 2016-ல உடுமலைப்பேட்டையில வேற சாதியில கல்யாணம் பண்ணின சங்கரை பட்டப்பகல்ல வெட்டினதை நாம எல்லாரும் சிசிடிவியில பார்த்தோம். அதனால நீ முதல்ல கணக்கு போட வேண்டியது உன் தைரியத்தை இல்ல, யாருக்கு ஆபத்துங்கறதை. அந்த ஜோடி இப்ப எங்க இருக்காங்க, அவங்களுக்கு விஷயம் தெரியுமா? அவங்க எஸ்.பி. ஆபீஸ்ல பாதுகாப்பு கேட்டு எழுதிக் குடுக்கட்டும், இதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கணும்னு அதே தீர்ப்பு சொல்லுது. அவசரம்னா 112. அது முடிஞ்ச அப்புறம் அப்பாகிட்ட தனியா பேசு, கூட்டத்துல இல்ல. "இதுல கையெழுத்து போட்டா நாளைக்கு உங்க பேர்தான் எஃப்.ஐ.ஆர்.ல வரும்பா"ன்னு சொல்லு. நியாயம் பேசி கேட்காத அப்பாங்க கூட இந்த ஒரு வார்த்தைக்கு பேனாவை கீழ வச்சதை நான் பார்த்திருக்கேன்.

கேள்வி (அண்ணா நகர்): சட்டம் எல்லாம் சரி மேடம், நீங்க உங்க ஆளுங்க நடுவுல அப்படி நின்னிருக்கீங்களா?

பதில்: நின்னிருக்கேன். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம் ஓரத்துல இருந்த குடும்பங்களை பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்கல்ல, எங்க ஃப்ளாட்ல எல்லாருக்கும் சந்தோஷம், கொசு போச்சு, நாத்தம் போச்சுன்னு. அசோசியேஷன் கூட்டத்துல அதுக்கு நன்றி லெட்டர் எழுதலாம்னு பேச்சு வந்துச்சு. நான் எழுந்து, இவங்க நம்ம வீட்ல பாத்திரம் தேய்க்கிறவங்க, நம்ம தெருவுல இஸ்திரி போடறவங்க, படிக்கிற பசங்களை நடு வருஷத்துல இழுத்துட்டு அவ்ளோ தூரம் போய் என்ன பண்ணுவாங்க, இதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு கேட்டேன். கீழ் வீட்டு சார் நாற்காலியை தள்ளிட்டு எழுந்து, "வெள்ளத்துல என் வீட்ல இடுப்பு வரைக்கும் தண்ணி, நீங்க மூணாவது மாடியில உட்கார்ந்துட்டு பேசறீங்க"ன்னு கத்தினாரு. அவர் சொன்னதுலயும் உண்மை இருந்துச்சு, எனக்கு அப்ப பதில் வரலை. லெட்டர் போயிடுச்சு. மூணு மாசம் அவர் வீட்டம்மா கூட என்னைப் பார்த்தா லிஃப்ட்ல ஏற மாட்டாங்க.

அப்புறம் அவங்க அம்மா தவறிட்டாங்க, விடியக்காலை நாலு மணி. நான் கீழ இறங்கிப் போனேன், ஐஸ் பெட்டிக்கு ஃபோன் பண்ணினேன், வந்தவங்களுக்கு காபி போட்டுக் குடுத்தேன். அவர் கருத்தும் மாறலை, என் கருத்தும் மாறலை. இன்னைக்கும் கூட்டத்துல நேருக்கு நேர் சண்டை போடறோம், ஆனா இப்ப நான் பேசி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்கிறாரு. கோர்ட்ல இதை வாங்கித் தர முடியாது. நல்லது கெட்டதுக்கு போறதை மட்டும் எந்தக் கருத்துக்காகவும் விட்டுடாதீங்க.

கேள்வி (மந்தைவெளி): அப்படி உறவை காப்பாத்திக்கிட்டு எதிர்த்தவங்க பெரிய ஆளுங்கள்ல யாராவது?

பதில்: நம்ம ஊர்லயே. 1947 ஆகஸ்ட் 15-ஐ பெரியார் துக்க நாள்னாரு, அதே இயக்கத்துல இருந்த அண்ணா அது இன்ப நாள்னு வெளிப்படையாவே எழுதினாரு. தலைவரையே எதிர்த்து. 1949-ல பிரிஞ்சாங்க, ராயபுரம் ராபின்சன் பூங்காவுல தி.மு.க. ஆரம்பிச்சாங்க, 1967-ல ஜெயிச்சதும் அண்ணா நேரா திருச்சிக்குப் போய் பெரியாரைத்தான் பார்த்தாரு. ராஜாஜியும் பெரியாரும் கொள்கையில எதிர் எதிர், 1972 டிசம்பர்ல ராஜாஜி இறந்தப்ப சக்கர நாற்காலியில வந்து பெரியார் அழுதாரு.

கேள்வி (வேளச்சேரி): வர்ற ஞாயித்துக்கிழமை எங்க அசோசியேஷன் மீட்டிங். ஒரு மதத்துக்காரங்களுக்கு வாடகைக்கு விடக்கூடாதுன்னு வாய்வார்த்தையா முடிவு பண்ணப்போறாங்க. நான் ஒருத்திதான் எதிர்ப்பு. என்ன பண்றது?

பதில்: "இதை எழுத்துல போடுங்க"ன்னு கேளுங்க, அது போதும் பாதி பேர் பின்வாங்கறதுக்கு. மீறி முடிவு பண்ணினா உங்க எதிர்ப்பை உங்க பேர், ஃப்ளாட் நம்பரோட மினிட்ஸ் புக்ல எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா அன்னைக்கு ராத்திரியே செக்ரட்டரிக்கு மெயில் போடுங்க. வந்திருக்கேன்னு போடற கையெழுத்து வேற, தீர்மானத்துக்குக் கீழ போடற கையெழுத்து வேற, பக்கத்தைத் திருப்பிப் பார்த்துட்டு போடுங்க. முன்னாடி நாளே ரெண்டு வீட்டுக்கதவை தட்டிப் பேசிடுங்க, ஒருத்தர் கூட எழுந்து பேச வேண்டாம், நீங்க பேசும்போது பக்கத்து நாற்காலியில வந்து உட்கார்ந்தா போதும்னு கேளுங்க. முடிஞ்சதும் என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க, திங்கட்கிழமை காலைல பார்க்கிறேன்.