தலையணை உறை – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவமனை இரவுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த வாரத்தில்தான் என் பெரியம்மா காலமானார். வயது 91. 1953இல் வேலூரில் நர்சிங் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பிறகு மிஷன் ஆஸ்பத்திரிகளில் 36 ஆண்டுகள். அடக்க ஆராதனையில் குருவானவர் அரை மணி நேரம் பேசினார். பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, ஆலய விருந்தான அசனத்துக்கு அவர் கொடுத்த அரிசி, பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் வந்தன. வேலையைப் பற்றி ஒரே வரி. எனக்குக் கோபமாக வந்தது.

கடைசி வரை சனிக்கிழமை மாலைகளில் ஆலயத்துக்குப் போய்த் திருவிருந்து மேசைத் துணியை அவர்தான் விரிப்பார். வீட்டில் தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்த்திருந்தால் திட்டுவார். அது ஏதோ வேத வசனம் என்றே சிறு வயதில் நினைத்திருந்தேன். அவரைப் பற்றி எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

அது வேத வசனம் இல்லை, நர்சிங் முதலாண்டுப் பாடம். வார்டு வாசலில் வந்து நிற்கும் தலைமை நர்ஸான மேட்ரனின் கண்ணில் உறையின் வாய் படக் கூடாது. விரிப்பின் முனையை 45 பாகையில் மடித்து மெத்தைக்கடியில் செருக வேண்டும் என்பதும் அதே பாடம்தான். திருவிருந்து மேசையின் மூலையில் துணி எப்படி மடிந்திருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

குருவானவர்மேல் கோபம் வேண்டாம். அவர் பார்த்தது ஓய்வு பெற்ற பெரியம்மாவை. வார்டில் படுத்திருந்தவர்களுக்கோ அவருடைய பெயரே தெரிந்திருக்காது. 'சிஸ்டர்' என்றால் போதும். அவர்களில் யார் அடக்கத்துக்கு வந்து பேசுவார்கள்?

வேலூரில் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளியைத் தொடங்கியது 1909இல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1918இல்தான் வந்தது. டாக்டருக்கு முன்னால் நர்ஸ் என்ற இந்த வரிசை எனக்குப் பிடிக்கும். உங்கள் பெரியம்மா சேர்ந்த காலத்திலும் பல வீடுகளில் இந்த வேலை என்றால் முகம் சுளிப்பார்கள். அந்நிய ஆண்களின் உடம்பைத் தொட வேண்டும், இரவில் வெளியே தங்க வேண்டும். துணிந்து வந்தவர்களில் கிராமத்துக் கிறிஸ்தவப் பெண்கள் நிறைய. எத்தனையோ வீடுகளுக்கு மாதச் சம்பளம் என்று முதன்முதலில் வந்தது அவர்களுடைய மணியார்டர்தான். தம்பியின் கல்லூரிக் கட்டணமும் தங்கையின் கம்மலும் அதிலிருந்துதான் போயின. 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தார்' என்று இப்படிப்பட்டவர்களைப் பற்றிச் சொல்வார்கள் அல்லவா? பழைய மணியார்டர் ரசீது ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு ஒன்பது வயதில் நிமோனியா. பெனிசிலின் ஊசி. அப்போது ஊசியைத் தூக்கி எறியும் வழக்கம் கிடையாது. கண்ணாடி சிரிஞ்சோடு கொதிக்க வைத்து மறுபடி எடுப்பார்கள். ஒரு நள்ளிரவில் விழித்தபோது, நர்ஸ் மேசை விளக்கடியில் உட்கார்ந்து சின்னக் கல்லில் ஊசி முனைகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் பஞ்சில் மெல்ல இழுத்துப் பார்ப்பார். இழை சிக்கினால் முனையில் பிசிர் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடியும் கல். சிக்காதது தட்டுக்குப் போகும். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கீர்த்தனை பாடினாரா, ஊசிகளை எண்ணினாரா, தெரியவில்லை. காலையில் எனக்கு வலித்தது, அது வேறு விஷயம்.

பெரியம்மாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவருடைய பக்தியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். உடனே அடக்க ஆராதனை நடையில் பேசத் தொடங்கிவிடுவார்கள். நைட் டியூட்டியில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார், யாரோடு பகிர்ந்துகொண்டார் என்று கேளுங்கள்.