அந்த என்சைமை அடைத்துவிட்டால் போதாதா?

வணக்கம் சார்,

அம்மாவுக்கு அல்சைமர். ஜிஎஸ்கே-3 என்ற என்சைம்தான் மூளைச் செல்களைக் கெடுக்கிறது, லித்தியம் அதைத் தடுக்கும் என்று படித்தேன். எலிகளுக்கு நினைவு திரும்பியதாகவும் செய்தி வந்ததே! அப்படியானால் அந்த என்சைமை முழுதாக அடைத்துவிட வேண்டியதுதானே? லித்தியம் மாத்திரை ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். லித்தியம் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. மனநல சிகிச்சைக்குக் கொடுக்கும்போதே ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றையும் அவ்வப்போது பரிசோதிப்பார்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் அதை உடம்பிலேயே தேக்கிவிடும். நீங்கள் படித்தது 2025இல் வந்த ஹார்வர்டு ஆய்வாக இருக்கலாம். அதில் கொடுத்தது மிகக் குறைந்த அளவு லித்தியம் ஓரோடேட், அதுவும் எலிகளுக்கு.

சரி, என்சைமுக்கு வருவோம். 1980இல் முயலின் தசையில் கண்டுபிடித்தபோது இதற்கும் மூளைக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் நினைக்கவில்லை. உடம்பு சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமிப்பதைத் தடுக்கும் ஒரு கைனேஸ், அவ்வளவுதான். கைனேஸ் என்றால் மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும் என்சைம். பெரும்பாலான கைனேஸ்கள் சிக்னல் வந்த பிறகே வேலையைத் தொடங்கும். இது தலைகீழ். சும்மா இருக்கும் செல்லில் ஓடிக்கொண்டே இருக்கும், சிக்னல் வந்தால் அடங்கும். இன்சுலின் வந்து செல்லைத் தொட்டதும் ஏகேடி என்ற இன்னொரு கைனேஸ் கிளம்பி, ஜிஎஸ்கே-3இன் பீட்டா வகையில் 9ஆவது இடத்திலிருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அதை அடக்குகிறது. அல்சைமர் மூளையில் இந்த இன்சுலின் சிக்னல் மந்தமாகிறது, அதனால்தான் என்சைம் அளவுமீறி ஓடுகிறது என்பது ஒரு கருத்து.

அப்படி ஓடினால் மாட்டிக்கொள்வது டௌ புரதம். நரம்பிழைக்குள் சரக்குப் போகும் நுண்குழாய்களை, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் குறுக்குக்கட்டைபோல, நிலையாக வைத்திருப்பது அதுதான். பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டினால் டௌ கழன்று, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் விவரித்த முடிச்சுகள் இவைதான். ஆனால் டௌவின் மேல் பாஸ்பேட் ஒட்டும் கைனேஸ்கள் சிடிகே5 உட்பட வேறு பலவும் உண்டு. பழியை இது ஒன்றின்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

முழுதாக அடைப்பதில்தான் பெரிய சிக்கல். பீட்டா-கேட்டனின் என்ற புரதம் மிஞ்சிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் இதே ஜிஎஸ்கே-3தான். அந்தப் பிடி விட்டால் செல்களைப் பெருகச் சொல்லும் ஜீன்கள் விழித்துக்கொள்ளும். பல குடல் புற்றுநோய்களில் கெட்டுப்போயிருப்பது இந்தப் பாதைதான். ஜிஎஸ்கே-3இன் பீட்டா வகைக்கான ஜீனை நீக்கிய எலிக்குட்டிகள் பிறக்கும் முன்பே இறந்துவிடுகின்றன. டைடெக்ளூசிப் என்ற தடுப்பு மருந்து எலிகளில் நம்பிக்கை தந்தது. அல்சைமர் நோயாளிகளிடம் இரண்டாம் கட்டப் பரிசோதனை வரை போய், பலன் காட்டாமல் நின்றுவிட்டது.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வைப்பது எப்படியும் நல்லது. லித்தியத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதானால், அம்மா இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.