மறியலால வாற ஆளின்ர மருந்துத் துண்டு எங்க?

போன மாசம் சீனி வருத்தம் பற்றி எழுதினன், அதுக்கு வந்த கடிதங்களில அஞ்சு கடிதம் ஒரே மாதிரி, எல்லாத்திலயும் வீட்டு ஆள் ஒருத்தர் மறியலால, அதாவது சிறையால, கெதியா வெளிய வரப்போறார், இல்லாட்டி இப்ப தான் வந்திருக்கிறார், அவற்ற வருத்தத்துக்கு என்ன செய்யிறது எண்டு தான் கேள்வி. முப்பது வருசம் வன்னி ஆசுப்பத்திரியளில நேர்சா நிண்டவள் நான், இதைப் பற்றி ஏன் இவ்வளவு நாளும் எழுதேல்லை எண்டு எனக்கே கவலையாப் போச்சு. அதால இந்த முறை முழுப் பக்கமும் இதுக்குத் தான். ஆக்களின்ர பேர் போடேல்லை, ஊர் மட்டும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): அக்கா, என்ர அவர் மூண்டு வருசமா மறியல்ல. வாற மாசம் விடுதலை எண்டு சொல்லுகினம். உள்ளுக்குப் போன பிறகு தான் சீனி எண்டு கண்டுபிடிச்சது, இப்ப காலமையும் பின்னேரமும் இன்சுலின் போடுகினமாம், பிறசர் குளிசையும் இருக்கு. வெளிய வந்தா இதெல்லாம் ஆர் தருவினம்? இன்சூரன்ஸ் ஏதும் எடுக்க வேணுமோ? எங்களிட்ட காசு இல்லை. வீட்டில பிரிட்ஜும் இல்லை.

பதில்: தங்கச்சி, முதல்ல காசுப் பயத்தை விடுங்கோ. எங்கட நாட்டில அரசாங்க ஆசுப்பத்திரியில மருந்து எடுக்க இன்சூரன்சும் வேண்டாம் ஒரு காட்டும் வேண்டாம், மறியலால வந்தவர் எண்டு சொல்லி ஒருத்தரும் திருப்பி அனுப்பேலாது. ஒட்டுசுட்டான் ஆசுப்பத்திரியில ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்கு, போய்க் காட்டினா அங்க இருந்து முல்லைத்தீவு மாஞ்சோலை ஆசுப்பத்திரி கிளினிக்குக்கு எழுதி விடுவினம், கிளினிக்கில பதிஞ்சா மாசா மாசம் மருந்து.

பிரச்சினை காசில்லை, துண்டு தான். அவருக்கு என்ன இன்சுலின், எத்தினை யூனிற், என்ன குளிசை, கடைசியாப் பாத்த சீனி எவ்வளவு, இதெல்லாம் எழுதின கொப்பி சிறைச்சாலையிலயோ அவையள் கூட்டிக்கொண்டு போன ஆசுப்பத்திரியிலயோ கிடக்கும். அனுராதபுரம் மாதிரி வேற ஊரில எழுதினது மாஞ்சோலையில கொம்பியூட்டரில தெரியும் எண்டு நினைக்காதேங்கோ. துண்டில்லாமல் வந்தா டொக்டர் முதல்ல இருந்து தொடங்க வேணும், அதுக்குள்ள நாலு நாள் ஊசி இல்லாமல் போயிடும், இன்சுலின் போடுற ஆளுக்கு நாலு நாள் எண்டுறது சின்ன விசயமில்லை.

அதால இந்தக் கிழமையே பாக்கப் போகேக்க நலன்புரி உத்தியோகத்தரைக் கேட்டு சந்தியுங்கோ. வெல்ஃபெயார் ஒபிசர் எண்டு சொன்னாலும் விளங்கும். மூண்டு விசயம் கேளுங்கோ: விடுதலைத் தேதி சரியா எப்ப, வருத்தத்தையும் மருந்தையும் எழுதின கடிதம் ஒண்டு அங்க இருக்கிற டொக்டரிட்ட எடுத்துத் தரேலுமோ, வெளிய விடுற நாளில எத்தினை நாளுக்கு மருந்து கையில குடுப்பினம். டொக்டர்மார் இங்கிலீசில தான் எழுதுவினம், அதால எங்க கொண்டு போனாலும் வாசிப்பினம், சிங்களத்தில வரும் எண்டு யோசிக்காதேங்கோ. தேதியை வடிவாக் கேளுங்கோ, ஏனெண்டா நன்னடத்தைக்குக் கழிக்கிற நாள் இருக்கு, பெப்ரவரி 4, வெசாக், நத்தார் எண்டு பொதுமன்னிப்பில விடுறதும் இருக்கு, சனம் நினைச்சதுக்கு முதலே ஆள் பஸ்ஸில வந்து இறங்கின கதையள் எனக்குத் தெரியும்.

பிரிட்ஜ் இல்லாட்டியும் சமாளிக்கலாம். பாவிக்கத் தொடங்கின இன்சுலின் போத்தில் வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில ஒரு மாசம் மட்டும் இருக்கும். புதுச் சட்டி ஒண்டில ஈரமண் போட்டு, அதுக்குள்ள சின்னச் சட்டி வைச்சு, போத்திலை நனையாமல் பொலித்தீனில சுத்தி வையுங்கோ, மண்ணைக் காய விடாதேங்கோ. திறக்காத போத்திலைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில வையுங்கோ, ஆனா ஐஸ் பெட்டிக்குள்ள வைக்க வேண்டாம், உறைஞ்ச இன்சுலின் வேலை செய்யாது. பித்தளைச் செம்புத் தண்ணிக்குள்ள போத்திலை மிதக்க விட்டவையையும் கண்டிருக்கிறன், அப்பிடிச் செய்யாதேங்கோ.

இன்னொண்டு, இதை ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை. மறியல்ல போட்ட இன்சுலின் அளவு அந்தச் சாப்பாட்டுக்கும் அந்த நேரத்துக்கும் போட்ட அளவு. வீட்டுக்கு வந்தா முதல் நாள் கோழிக்கறியும் பாயாசமும், அடுத்த நாள் வயலுக்கு இறங்கி மண்வெட்டி பிடிப்பார். சாப்பாடு கூடினா சீனி ஏறும், சாப்பிடாமல் வேலை செய்தா சடாரெண்டு இறங்கும். வேர்த்து, கை நடுங்கி, கதை குழறினா உடன சீனித் தண்ணி குடுங்கோ, பிறகு சோறு. மயங்கிக் கிடந்தா வாயில ஒண்டும் ஊத்தாமல் 1990 அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். வந்த கிழமைக்குள்ளயே சீனி பாத்து அளவை டொக்டர் மாத்தட்டும், நீங்களா மாத்தாதேங்கோ.

கேள்வி (வவுனியா, செட்டிகுளம் பக்கம்): என்ர மகனுக்கு 23 வயசு. தூள் (ஹெரோயின்) கேஸில ஆறு மாசமா விளக்கமறியல். அடுத்த தவணைக்குப் பிணை கிடைக்கும் எண்டு லோயர் சொல்லுறார். சந்தோசப்படுறதோ பயப்படுறதோ எண்டு தெரியேல்லை. திரும்பவும் பழைய கூட்டத்தோட போயிடுவான் எண்டு நித்திரை வருகுதில்லை. அறைக்குள்ள பூட்டி வைக்கச் சொல்லி தம்பி சொல்லுறான்.

பதில்: அம்மா, பூட்டாதேங்கோ. உங்கட பயம் சரியான பயம், ஆனா நீங்கள் நினைக்கிற இடத்தில ஆபத்து இல்லை, வேற இடத்தில இருக்கு.

ஆறு மாசம் தூள் இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. பெடியன் வெளிய வந்து, முந்தி எடுத்த அதே அளவை எடுத்தானெண்டா மூச்சு நிண்டு போகும். எங்கட பக்கத்தில இதை ஒருத்தரும் பேசிறேல்லை, செத்த பிறகு ஹார்ட் அட்டாக் எண்டு சொல்லி அடக்கம் பண்ணிடுவினம். அமெரிக்காவில வாஷிங்டன் மாநிலத்தில 1999இல இருந்து 2003 வரைக்கும் வெளிய வந்த முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளைப் பின்தொடர்ந்து பாத்து 2007இல ஒரு ஆய்வு வெளியிட்டவை, வெளிய வந்த முதல் ரெண்டு கிழமையில அவையள் சாகிற ஆபத்து மற்ற ஆக்களை விடக் கிட்டத்தட்ட 13 மடங்கு, முதல் காரணம் போதைமருந்து அளவு கூடினது. நாடு வேறயா இருக்கலாம், உடம்பு ஒண்டு தான்.

அதால முதல் ரெண்டு கிழமை அவனைத் தனியப் படுக்க விடாதேங்கோ. கோபமில்லாமல், ஆனா ஒளிக்காமல், வாய் திறந்து சொல்லுங்கோ, "தம்பி நீ திரும்ப எடுத்தா இந்த முறை செத்துப் போவாய், உன்ர உடம்பு மாறிப் போச்சு" எண்டு. அப்பிடிச் சொன்னா எடுக்கச் சொல்லி அனுமதி குடுக்கிற மாதிரி எண்டு சில தாய்மார் நினைக்கினம், இல்லை அம்மா, தெரியாமச் செத்த பிள்ளையளைத் தான் நான் வார்ட்டில கண்டனான். எழுப்ப எழும்பாமல், மூச்சு மெதுவா, சொண்டு நீலமா, கண்மணி ஊசிமுனை மாதிரிச் சின்னனா இருந்தா பக்கவாட்டில சரிச்சுப் படுக்க வைச்சு 1990 அடியுங்கோ. என்ன எடுத்தவன் எண்டு மறைக்காமல் சொல்லுங்கோ, அதைக் கேட்டுத் தான் வைத்தியம் செய்வினம்.

பிணை விசயத்தில ஒரு கஷ்டம் இருக்கு. தண்டனை முடிஞ்சு வாற ஆளுக்கு ஒரு தேதி இருக்கும், விளக்கமறியல் ஆளுக்கு அது இல்லை, காலமை கோட்டுக்குக் கொண்டு போவினம், பிணையாளி கையெழுத்து வைச்சாப் பின்னேரம் ஆள் ரோட்டில நிப்பார். உள்ளுக்கு இருந்த மருந்து உள்ளுக்கு, கொப்பி உள்ளுக்கு. நான் வேலை செய்த காலத்தில வலிப்புக்குக் குளிசை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெடியன் இப்பிடித் தான் ஒரு பின்னேரம் பிணையில வந்தவன், மருந்து எங்க எண்டு கேக்க ஒருத்தருக்கும் தோணேல்லை, மூண்டாம் நாள் கிணத்தடியில வலிப்பு வந்து விழுந்து தலை உடைஞ்சு எங்கட வார்ட்டுக்கு வந்தவன். தப்பீட்டான். ஆனா அந்தத் தாயின்ர முகம் இப்பவும் எனக்கு நினைவில நிக்குது. அதால ஏதும் மருந்து எடுக்கிறவனெண்டா தவணைக்கு முதல் நாளே மருந்தின்ர பேரையும் அளவையும் வாங்கி எழுதி வைச்சிருங்கோ, லோயரிட்டயும் சொல்லி வையுங்கோ.

பிணை கிடைச்ச கிழமையே வவுனியா ஆசுப்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அது விசர் ஆக்களுக்கு எண்டு ஊர் சொல்லும், சொல்லட்டும். வர மாட்டன் எண்டா நீங்கள் தனியப் போயாவது கதையுங்கோ. ராத்திரியில மனசு தாங்காட்டி 1926 தேசிய மனநல நிறுவனத்தின்ர நம்பர், நீங்களும் எடுக்கலாம். அடிச்சுத் திருத்துறம் எண்டு காசு வாங்கிற இடங்களுக்கு மட்டும் குடுத்திடாதேங்கோ.

கேள்வி (மடு ரோட்): அண்ணா மறியல்ல இருக்கேக்க சயரோகம் எண்டு ரெண்டு மாசமா மருந்து எடுத்தவர், இப்ப விட்டாச்சு. இருமல் இல்லை, சுகமாயிட்டன் எண்டு மருந்தை நிப்பாட்டப் பாக்கிறார். மூத்திரம் சிவப்பாப் போகுது எண்டும் பயப்படுறார். வீட்டில நாலு வயசுப் பிள்ளை இருக்கு.

பதில்: நிப்பாட்ட விடாதேங்கோ. சாதாரண சயரோகத்துக்கு ஆறு மாசம் மருந்து, முதல் ரெண்டு மாசம் நாலு வகை, பிறகு நாலு மாசம் ரெண்டு வகை. இருமல் நிண்டதெண்டா கிருமி பாதி தான் செத்தது, இப்ப விட்டா மிச்சக் கிருமி மருந்துக்கு மசியாததா எழும்பும், அதை மாத்திறது பெரிய பாடு. சிவப்பு மூத்திரம் ரிபாம்பிசின் எண்ட குளிசையின்ர நிறம், ரத்தமில்லை, ஆனா கண் மஞ்சளாகி சத்தி வந்தா உடன காட்டுங்கோ. மன்னார் ஆசுப்பத்திரியில மார்புநோய் கிளினிக் எங்க எண்டு கேட்டு இண்டைக்கே போய், எந்தச் சிறைச்சாலையில மருந்து தொடங்கினது எண்டு சொல்லுங்கோ, அவையள் அந்தப் பக்கத்துக் கிளினிக்கோட கதைச்சு விபரம் எடுப்பினம். பிள்ளையையும் மற்ற ஆக்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு வருத்தம் இல்லாட்டியும் தடுப்பு மருந்து குடுப்பினம். அண்ணாவுக்குத் தனிக் கோப்பை தனிப் பாய் எண்டு ஒதுக்காதேங்கோ, சயரோகம் கோப்பையால வாறேல்லை. ஒதுக்கப்பட்டு வந்த மனுசனை வீட்டிலயும் ஒதுக்கினா அவர் மருந்தையும் விட்டிடுவார்.

கேள்வி (கிளிநொச்சி): தம்பி அமெரிக்காவில கலிபோர்னியா சிறையில இருக்கிறான், இன்னும் மூண்டு மாசம். அவனுக்கு பிறசர், மன அழுத்தத்துக்கும் மருந்து. அங்க ஆசுப்பத்திரிக் காசு கட்டி முடியாதாமே?

பதில்: அங்க எங்களை மாதிரி இல்லை, இன்சூரன்ஸ் காட் இல்லாட்டி பெரிய பில் வரும். வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு மெடிக்கெய்ட் எண்ட அரசாங்கக் காப்பீடு, கலிபோர்னியாவில அதுக்கு மெடி-கல் எண்டு பேர். 1965இல சட்டம் வந்த நாளில இருந்து சிறைக்குள்ள இருக்கிற ஆளுக்கு, ஆசுப்பத்திரியில அனுமதிச்சா ஒழிய, அது காசு குடுக்கிறேல்லை. 2023 ஜனவரியில முதல் மாநிலமா கலிபோர்னியாவுக்குத் தான் அனுமதி குடுத்தவை, விடுதலைக்கு முதல் 90 நாளுக்குள்ளயே சில சேவையளைத் தொடங்கலாம், வெளிய வரேக்க மருந்தும் கையில குடுக்கலாம் எண்டு. அந்த 90 நாள் தான் உங்கட தம்பிக்கு இப்ப நடக்குது. மெடி-கல் விண்ணப்பம் போட்டாச்சோ, தன்னைப் பாக்க ஒரு கேஸ் மனேஜர் இருக்கினமோ எண்டு இண்டைக்கே சிறைக் கவுன்சிலரிட்டக் கேக்கச் சொல்லுங்கோ. அவன்ர விசா நிலைமையைப் பொறுத்து எல்லாம் மாறும், அதைக் குடிவரவு லோயரிட்டத் தான் கேக்க வேணும்.

கேள்வி (துணுக்காய்): பதினாலு வருசத்துக்குப் பிறகு அவர் வந்து ரெண்டு மாசம். ராத்திரி லைட்டை நூக்க விடுறார் இல்லை. கதவுப் பக்கம் தான் படுப்பார். புதினம் பாக்க சனம் வந்தா பின்பக்கத்தால போயிடுவார். அடையாள அட்டையும் துலைஞ்சு போச்சு, அரசாங்க உதவிக்காசு அஸ்வெசுமவுக்குப் பதியேலாமல் கிடக்கு. நான் என்ன செய்ய?

பதில்: லைட் எரியட்டும் தங்கச்சி. பதினாலு வருசம் லைட்டுக்குக் கீழ படுத்த மனுசனுக்கு இருட்டு புதுசு. கதவுப் பக்கத்தையும் விடுங்கோ. வாற சனத்துக்கு நீங்கள் முத்தத்தில வைச்சே தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ, அவரைக் கூப்பிட்டு இருத்தாதேங்கோ. கெட்ட கனவு, திடுக்கிட்டு எழும்பிறது, ஆக்களைத் தவிர்க்கிறது, இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு, மல்லாவி ஆசுப்பத்திரியில மனநல டொக்டர் எந்த நாள் வாறவர் எண்டு கேட்டுப் போங்கோ, பாமசியில நித்திரைக் குளிசை வாங்கிக் குடுக்க வேண்டாம். கண்ணையும் பல்லையும் காட்டுங்கோ, பிறசர், சீனி பாருங்கோ. வாய் வலியோட இருக்கிற மனுசன் கதைக்காமல் இருந்தா அதை மனவருத்தம் எண்டு பிழையா நினைக்கிறதும் நடக்கும்.

அடையாள அட்டைக்கு பொலிசில துலைஞ்சதெண்டு ஒரு என்ட்ரி போட்டு, பிறப்புப் பத்திரத்தோட விதானையாரிட்ட (கிராம சேவகரிட்ட) போங்கோ, அவர் விண்ணப்பத்தை நிரப்பி பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார், அஸ்வெசுமவையும் அதே இடத்தில கேளுங்கோ. ஐக்கிய நாடுகள் சபை 2015இல ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகள் எண்ட, கைதிகளை நடத்திற முறை பற்றின விதிகளில ஒண்டு, விடுதலையாகிற ஆளுக்கு அடையாளப் பத்திரம், இருக்க வீடு, வேலை, உடுப்பு, ஊர் போய்ச் சேரக் காசு எல்லாம் கிடைக்கிறதை உறுதிப்படுத்த வேணும் எண்டு சொல்லுது. உங்கட அவர் சரத்தோடயும் ஒரு பையோடயும் வந்து இறங்கினவர் எண்டு எழுதியிருந்தியள். அலுவலுக்குப் போகேக்க பிச்சை கேக்கிற மாதிரி நிக்க வேண்டாம், உரிமையா நில்லுங்கோ. ஒபீசில ஆரும் இழுத்தடிச்சா மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர நம்பர் 1996, வவுனியாவிலயும் அவையின்ர கிளை இருக்கு.

உங்கட கடிதம் மூண்டு பக்கம், அதில உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பதினாலு வருசம் தனிய நிண்டு பிள்ளையளை வளத்து, கோடு கச்சேரி எண்டு அலைஞ்சது நீங்கள். கிளினிக்குக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போற அண்டைக்கு உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து, நீங்களும் பிறசர் பாத்துக்கொண்டு வாங்கோ. எவ்வளவு எண்டு எனக்கு எழுதுங்கோ.