போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி

கேள்வி: வயது 32. கணக்குப் பிரிவில் ஒன்பது வருட வேலை, சம்பளத்துக்குக் குறையில்லை. ஆனால் நான் யார், எதற்காக இருக்கிறேன் என்பது மட்டும் பிடிபடவில்லை. ராத்திரியில் நோட்டை எடுத்து ‘எனக்கு என்ன வேண்டும்’ என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். வேலையிலும் மனம் ஒட்டவில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் சந்தேகம் கேட்டு வந்தால் பாதி நாள் அவர்களோடேயே போய்விடுகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புத் தோழி, உங்கள் கடிதம் முழுக்கத் தெரியவில்லை, பிடிபடவில்லை என்றே போகிறது. கடைசியில் மட்டும், ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி, புதியவர்களோடு பாதி நாள் போவதாக எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. உங்கள் பிரிவில் வேறு ஆட்களும் இருப்பார்களே, ஏன் உங்களிடம் வருகிறார்கள்? பற்றும் வரவும் ஒத்துப்போகாமல் ஒருவர் முழிக்கும்போது, அதை வாங்கி நீங்களே சரிசெய்து கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பாதி நாள் போகிறது என்றால் நீங்கள் அப்படிச் செய்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த வரியில் பிசகியது என்று அவரே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பொறுமையை யாரும் உங்களிடம் கேட்கவில்லை, அதற்குச் சம்பளமும் கிடையாது, இருந்தும் செய்கிறீர்கள்.

சார்லஸ் டார்வினை அவருடைய அப்பா 1825இல் மருத்துவம் படிக்க அனுப்பினார். அறுவை சிகிச்சையைப் பார்க்க முடியாமல் அவர் பாதியில் விட்டுவிட்டார். அடுத்து பாதிரியார் ஆவதற்காகக் கேம்பிரிட்ஜில் சேர்த்தார்கள். அங்கே வண்டு பிடிப்பதுதான் அவருடைய பைத்தியம். ஒருநாள் மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அபூர்வ வண்டுகள் கிடைத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார், மூன்றாவதாக இன்னொன்று கண்ணில் படவே வலது கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார்! அது காரமாக எதையோ பீச்சி நாக்கைச் சுட்டுவிட, துப்ப வேண்டியதாயிற்று, மூன்றாவது வண்டும் தப்பிவிட்டது. ‘உன் நோக்கம் என்ன’ என்று அன்றைக்கு அவரைக் கேட்டிருந்தால் பரிணாமம் என்றா சொல்லியிருப்பார்? பரிணாமத்தை விளக்கிய அவருடைய புத்தகம் 1859இல் வரும்போது அவருக்கு 50 வயது. நோக்கம் பின்னால்தான் தெரிந்தது, வண்டு முன்னாலேயே கையில் இருந்தது.

நான் யார் என்று உள்ளே கேட்டுக்கொண்டே போவது ரமணர் காட்டிய வழி, அதன் ஆழம் வேறு. அங்கே கேட்கிறவரே கரைந்துபோக வேண்டும். உங்கள் நோட்டில் இருப்பது நாளை முதல் எதற்கு உழைப்பது என்கிற கேள்வி, அதற்கு ராத்திரியில் தனியாக உட்கார்ந்தால் விடை வராது. அதனால் நோட்டை வேறு விதமாகப் பயன்படுத்திப் பாருங்கள். யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்தது என்ன, எதைச் செய்யும்போது மணி பார்க்க மறந்தீர்கள், இந்த இரண்டை மட்டும் தினமும் எழுதுங்கள், அதுவும் அதே நாளில், ஏனென்றால் மறுநாள் எழுதினால் நமக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதிவிடுவோம். உடனே வேலையை விட்டு ஆசிரியராகுங்கள் என்று சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை முறையாக எனக்கே கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். கேட்கும்போது உங்களுக்கு உற்சாகம் வருகிறதா, சுமையாக இருக்கிறதா என்பதே ஒரு தகவல்.

கூடப் படித்தவர்கள் விஷயத்தை விடுங்கள். அவர்களுடைய நோட்டை நீங்கள் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் கவனமாகப் படியுங்கள். மனம் ஒட்டாதது வேலையில் மட்டும்தானா? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, அடுத்த கடிதத்தில் உங்களைப் பற்றி எழுத வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் எங்கே தடுமாறினார், அவருக்கு நீங்கள் எப்படிப் புரியவைத்தீர்கள், அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.